தெருமுனையில் நிற்பது செர்ரி மரமா?

ஆண்டு பிறந்து வெயில் சற்றே உறைக்கத் தொடங்கியதும் பெங்களூருவிலிருந்து இளஞ்சிவப்புப் படங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கப்பன் பூங்காவிலும் ஒயிட்ஃபீல்டிலும் இன்னும் எத்தனையோ தெருமுனைகளிலும், இலை உதிர்த்த கிளைகள் முழுவதும் பூவாக நிற்கும் மரங்கள். படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே சொல்தான்: செர்ரி. சற்று நேரத்தில் யாரேனும் ஒருவர் வந்து, "இது செர்ரி அன்று, தபேபுயா" என்று திருத்துகிறார். மற்றொருவர், "பெயரில் என்ன இருக்கிறது? அழகைப் பாருங்கள்" என்கிறார். உரையாடல் அவ்வளவில் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே மரம், அதே சொல், அதே திருத்தம்.

இவ்விருவரில் யார் சரி என்று கேட்பதைவிட, இருவரும் சேர்ந்து எதைத் தவறவிடுகிறார்கள் என்று கேட்பது பயனுடையது. திருத்துபவர், சரியான பெயரைச் சொன்னதும் வேலை முடிந்தது என்று கருதுகிறார். ரசிப்பவர், அந்த வேலையே தேவையில்லை என்கிறார். மரத்தை அடையாளம் காண்பது பெயரை ஒட்டுவதோடு முடியாத செயல் என்பதை இருவருமே கணக்கில் கொள்வதில்லை. மொழியைப் படிப்பவர்களுக்கும் தாவரத்தைப் படிப்பவர்களுக்கும் நகரத்தைப் படிப்பவர்களுக்கும் பொதுவான ஒரு கேள்வி இந்தச் சிறு பூசலுக்குள் இருக்கிறது: ஒரு சொல் ஒரு மரத்தைப் பிழையின்றிக் குறிக்கும்படி பார்த்துக்கொள்வது யாருடைய பொறுப்பு?

முதலில் மரம். பெங்களூருவில் செர்ரி என்று படமெடுக்கப்படுவது பெரும்பாலும் தபேபுயா ரோசியா. மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை இயல்பாக வளர்வது. எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரம். செர்ரியோ ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆப்பிளுக்கும் பிளம்ஸுக்கும் பாதாமுக்கும் உறவு. நிறத்தைத் தவிர இவ்விரண்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. மரத்தடியில் கிடக்கும் ஒரு பூவைக் குனிந்து எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும். தபேபுயாவின் பூ முழுப்பூவாக விழும். இதழ்கள் அடியில் ஒன்றிணைந்து ஊதுகுழல் வடிவில் இருக்கும். செர்ரியில் ஐந்து இதழ்களும் தனித்தனி. அவை ஒவ்வொன்றாக உதிரும். நடுவே மகரந்தத்தாள்கள் பல, கற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும்.

பூ இல்லாத மாதங்களில் இலை சொல்லும். தபேபுயாவில் ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து சிற்றிலைகள் விரித்த கைபோல் பிரியும்; அத்தகைய இலைகள் கிளையில் எதிரெதிராக அமைந்திருக்கும். செர்ரியின் இலை தனியிலை. விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும். இலைகள் கிளையில் மாறிமாறி அமையும். காம்பும் இலையும் சேரும் இடத்தருகே குண்டூசித் தலையளவில் சுரப்பிகள் தென்படும். இலையும் இல்லாத நாளில் பட்டை சொல்லும்: செர்ரியின் பட்டை பளபளப்பானது, அதில் குறுக்குவாட்டமாகக் கோடுகள் ஓடும். காய்க்கும் காலத்தில் ஐயத்துக்கே இடமில்லை. தபேபுயாவின் காய் நீண்டு ஒல்லியாகத் தொங்கும். வெடித்தால் சிறகுள்ள விதைகள் காற்றில் பறக்கும். செர்ரியின் காய் ஒற்றைக் கொட்டை கொண்ட சிறு கனி.

இவையெல்லாம் வகுப்பறை வேண்டாத அறிவு. ஆனால் இவற்றைப் பெற, பூக்கும் இரு வாரங்களுக்கு அப்பாலும் அந்த மரத்தடியில் நிற்க வேண்டும்.

இந்தியாவில் செர்ரியே இல்லையா என்றால், இருக்கிறது. இமயமலைச் சரிவுகளிலும் காசி மலைகளிலும் தானாகவே வளரும் காட்டுச் செர்ரி ஒன்று உண்டு. 1825இல் டேவிட் டான் அதற்குப் புரூனஸ் செரசாய்டிஸ் என்று பெயரிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே அது சமஸ்கிருத மருத்துவ நூல்களில் பத்மகம். சரக சம்ஹிதையிலும் அப்பெயர் வருகிறது. குமாவுன், கர்வால் பகுதிகளில் அது பத்மம் என்றும் பய்யாம் என்றும் வழங்குகிறது, நேபாளியில் பையூம். உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் அது தெய்வ மரம். மணப்பந்தலுக்கு அதன் கிளைகள் வேண்டும். மேகாலயத்தின் ஷில்லாங்கில் 2016 முதல் அதன் பெயரால் திருவிழாவே நடைபெறுகிறது.

அந்தத் திருவிழா நவம்பரில் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியச் செர்ரி வசந்தத்தில் பூப்பது. இமயத்துச் செர்ரியோ இலையுதிர்காலம் முடியும் தறுவாயில், குளிர் இறங்கும்போது பூப்பது. மற்ற மரங்கள் பெரும்பாலும் பூக்காத அந்த வாரங்களில் தேனீக்களுக்கும் தேனுண்ணும் பறவைகளுக்கும் அது உணவுச்சாலை. இந்த மரத்தின் தனிச்சிறப்பே அந்தப் பருவம்தான். ஆனால் 'செர்ரி மலர்' என்ற சொற்றொடர் ஜப்பானிலிருந்து வரும்போது தன்னுடன் வசந்தத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. ஷில்லாங் மரத்தைப் 'பருவம் தவறிப் பூக்கும் செர்ரி' என்று வியக்கும் குறிப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன. தன் பருவத்தில் தவறாமல் பூக்கும் ஒரு மரம், இரவல் சொல்லின் கண்ணுக்குப் பருவம் தவறியதாகத் தெரிகிறது. பெங்களூருவில் சொல் வேறொரு மரத்தின்மேல் போய் அமர்கிறது. ஷில்லாங்கில் சரியான மரத்தின்மேல் அமர்ந்தும் தவறான காலத்தைச் சொல்கிறது. இரண்டாவது பிழையைத் திருத்த எவரும் வருவதில்லை.

மரத்தோடு ஆண்டு முழுவதும் வாழ்ந்தவர்கள் அதற்கு எப்படிப் பெயரிட்டார்கள் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தபேபுயா ரோசியாவுக்கு எல் சால்வடோரில் வழங்கும் பெயர் மாகிலிஷ்வாத். நாவாத் மொழியில் அதன் பொருள் ஐந்து இலை. உலகம் முழுவதும் பூவுக்காகப் படமெடுக்கப்படும் மரத்தை, அதன் சொந்த நிலத்து மக்கள் இலையை எண்ணிப் பெயரிட்டு அழைத்தார்கள். காசி மலைகளில் செர்ரியின் உறவான மற்றொரு மரத்தின் கனி சோயோங். சோ என்றால் பழம், யோங் என்றால் கருப்பு. பெங்களூருச் சிறுவர்கள் சாலையோரம் பறித்துத் தின்னும் சிங்கப்பூர்ச் செர்ரி, பெயரில் மட்டுமே செர்ரி. கன்னடத்தில் அது கசகசே ஹண்ணு. பழத்தைப் பிட்டால் உள்ளே கசகசாவைப் போன்ற விதைகள். அதைத் தின்றவர் மட்டுமே இந்தப் பெயரை இட்டிருக்க முடியும். கிளைரிசிடியா என்னும் மரமும் கோடைத் தொடக்கத்தில் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்துச் செர்ரி என்று பெயர் வாங்குவதுண்டு. மராத்தியில் அது உந்தீர்மாரி, அதாவது எலிகொல்லி.

ஐந்து இலை, கருப்புப் பழம், கசகசா விதை, எலியைக் கொல்லும் நஞ்சு. இவற்றில் ஒன்றுகூடப் பூவின் நிறத்தைச் சொல்லவில்லை. அதற்காக எல்லா நாட்டுப் பெயர்களும் இத்தகையவை என்று சட்டம் போட முடியாது; பத்மகம் என்ற பெயரே தாமரையிலிருந்து வந்ததுதான். எனினும் இப்பெயர்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அருகில் சென்று தொட்டு, எண்ணி, தின்று, பயன்படுத்திப் பார்த்ததன் பதிவு. 'செர்ரி' என்ற பட விளக்கமோ, தொலைவில் நின்று நிறத்தைப் பார்த்ததன் பதிவு.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பெயர்கள் எப்போதும் இடம்பெயர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. புதிய பொருளுக்குப் பழைய பெயரை ஈவது எல்லா மொழிக்கும் இயல்பு. அப்படியிருக்க இதில் மட்டும் என்ன குறை? செரசாய்டிஸ் என்ற அறிவியற்பெயரே 'செர்ரியைப் போன்றது' என்றுதானே பொருள்படுகிறது? அறிவியற்பெயர்களும் நிலையானவை அல்லவே? தபேபுயாவின் உறவாகப் பெங்களூருவிலேயே பூக்கும், நிறம் ஆழ்ந்த இன்னொரு மரம், நெடுங்காலம் தபேபுயா என்றே அழைக்கப்பட்டு, 2007இல் ஹாண்ட்ரோயாந்தஸ் என்ற பேரினத்துக்கு மாற்றப்படவில்லையா?

மறுப்பு நியாயமானது. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. செரசாய்டிஸ் என்ற சொல்லில் 'போன்றது' என்னும் பின்னொட்டு இருக்கிறது. தென்னிந்திய மொழிகள் இதே பணியை ஒரு முன்னொட்டால் செய்தன. சீமைக் கருவேலம், சீமை இலுப்பை, தெலுங்கில் கொடுக்காப்புளியைக் குறிக்கும் சீம சிந்த, கன்னடத்தில் அதே மரத்துக்கு வழங்கும் சீமெ ஹுணசெ: ஒவ்வொன்றும் 'நீ அறிந்த மரத்தைப் போன்றது, ஆனால் அயலிலிருந்து வந்தது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஒற்றுமையையும் வேற்றுமையையும் சேர்த்தே அறிவிக்கும் நேர்மை அந்தச் சீமைக்கு உண்டு. ஹாண்ட்ரோயாந்தஸ் மாற்றமும் காரணங்களை முன்வைத்து, மற்றவர் சரிபார்க்கும்படி பொதுவில் நிகழ்ந்தது. பெங்களூரு மரத்தின்மேல் ஏறிய 'செர்ரி'யில் பின்னொட்டும் இல்லை, முன்னொட்டும் இல்லை. ஒப்புமை என்பதே மறைந்து, அதுவே பெயராகிவிட்டது. பெயர் இடம்பெயர்வதில் குற்றமில்லை. இடம்பெயர்ந்த தடம் அழிந்துபோவதுதான் இழப்பு.

தடம் அழிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பத்மகத்தின் கதையே சான்று. கேரளத்தில் வெந்நீரில் இட்டு இளஞ்சிவப்பு நீராகப் பருகப்படும் பதிமுகத்தை அறியாதவர் குறைவு. பதிமுகம் என்ற பெயரில் அங்கு விற்கப்படுவது சப்பங்க மரத்தின் வைரம். சப்பங்கம் அவரைக் குடும்பத்தது. மஞ்சள் பூப் பூப்பது. செர்ரிக்கு எவ்வகையிலும் உறவில்லை. ஆனால் மருத்துவ நூல்கள் பத்மகம் என்று சொல்லும் இடத்தில் கேரள மரபில் இந்தப் பதிமுகம் பயன்படுவதுண்டு. இமயத்து மரம் தெற்கே கிடைக்காதபோது மாற்றுப்பொருளைத் தேடியது மருத்துவரின் அறிவு. அதை இழிவாகப் பேச இடமில்லை. எனினும் ஒரே சூத்திரத்தை வடக்கிலும் தெற்கிலும் படிக்கும் இரு மாணவர்கள், ஒரே சொல்லை உச்சரித்துக்கொண்டு இரு வேறு மரங்களைக் கொதிக்கவைக்கிறார்கள். எது எங்கே மாறியது என்ற குறிப்பு உடன் இருக்கும்வரை அது மரபு. குறிப்பு தொலைந்தால் அது ஆபத்து.

மொழியியல் மாணவர்களுக்கு மரம் புதிதன்று. 1916இல் வெளியான சசூரின் பாடநூலில், குறியை விளக்க வரைந்து காட்டப்படுவது ஒரு மரம். அது எந்த மரம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்னாளில் எழுப்பியவர் மெய்யியலாளர் ஹிலரி பட்னம். எல்ம் மரத்தையும் பீச் மரத்தையும் தம்மால் பிரித்தறிய இயலாது என்று 1975இல் வெளியான கட்டுரையில் அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் வாயிலிருந்து வரும் 'எல்ம்' என்ற சொல் எல்ம் மரத்தையே குறிக்கிறது. எப்படி? அவர் வாழும் மொழிச் சமூகத்தில் அதைப் பிரித்தறியத் தெரிந்த சிலர் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களை நம்பிப் பேசுகிறார்கள். இதை அவர் மொழியுழைப்பின் பகிர்வு என்றார்.

இந்தியத் தெருமுனையில் அறுந்து கிடப்பது இந்தப் பகிர்வுதான். பிரித்தறியத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. நாற்றங்காலில் கன்று வளர்ப்பவர், பூங்காவின் தோட்டக்காரர், விடியலில் உதிர்ந்த பூவையும் பின்னர் காயையும் இலையையும் பெருக்கித் தள்ளும் தூய்மைப் பணியாளர் ஆகியோர் எந்த மரம் எப்போது எதை உதிர்க்கும் என்று அறிவார்கள். பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் அதற்கான கலைச்சொற்கள் இருக்கின்றன. படமெடுப்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது. இந்த மூவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. ஆகவே சொல்லை நங்கூரமிட்டு நிறுத்த ஆளில்லை. அது நிறத்தை நோக்கி மிதந்து செல்கிறது.

செயலி அந்த இடத்தை நிரப்பும் என்று நம்புவோர் உண்டு. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஒருவர் இட்ட பெயரை மற்றவர் காரணம் காட்டி ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது. அது பட்னம் சொன்ன பகிர்வுக்கு நெருக்கமான ஏற்பாடு. ஆனால் எந்தக் கருவியும் தனக்குக் காட்டப்பட்டதை வைத்தே பேசும். முப்பதடி தொலைவிலிருந்து வானப் பின்னணியில் எடுத்த இளஞ்சிவப்புத் திரளில் சுரப்பியும் இல்லை, சிற்றிலையும் இல்லை, பட்டையும் இல்லை. எதைப் படமெடுக்க வேண்டும் என்று அறிந்திருப்பதே அடையாளம் காண்பதில் பாதி வேலை. அந்தப் பாதியைக் கருவியிடம் ஒப்படைக்க இயலாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: ஒரு தெருமரத்தின் பெயர் தவறினால் யாருக்கு நட்டம்? சட்டத்தில் விடை இருக்கிறது. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். ஆனால் தைலமரம், சவுக்கு, சூபாபுல், கிளைரிசிடியா போன்ற சில இனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. தெருவில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பது கிளைரிசிடியா என்றால் சட்டத்தின் காவல் அதற்கு இல்லை. தபேபுயா என்றால் உண்டு. இலையில்லாத காலத்தில் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் 'செர்ரி'தான். வெட்டவேண்டிய மரங்களின் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, அதை மறுத்துப் பேச விரும்பும் குடியிருப்பாளர் முதலில் சொல்லவேண்டியது மரத்தின் பெயரை. அழகைச் சொல்லி எழுதிய மனு ஒரு வகை. இனத்தையும் எண்ணிக்கையையும் நிற்கும் இடத்தையும் சொல்லி எழுதிய மனு வேறு வகை. அழகுக்குப் பெயர் தேவையில்லைதான், காப்பாற்றுவதற்குத் தேவை.

இரண்டாவது நட்டம் காலத்தின் பதிவில் நேர்கிறது. எந்த மரம் எந்த வாரத்தில் தளிர்த்தது, பூத்தது, காய்த்தது என்று பொதுமக்களே பதியும் சீசன்வாட்ச் போன்ற முயற்சிகள் இந்தியாவில் நடக்கின்றன. காலநிலை மாறிவரும் நாட்டில் இப்பதிவுகள் விலைமதிப்பற்றவை; பள்ளிக் குழந்தைகளும் இதில் பங்கேற்கிறார்கள். சனவரியில் பூத்த தபேபுயாவும் நவம்பரில் பூத்த பத்மகமும் செர்ரி என்ற ஒரே தலைப்பின் கீழ் விழுந்தால், ஆண்டுக்கணக்கான கவனிப்பு அனைத்தும் வீணாகும்.

ஆகவே, படமிட்டவரை எள்ளித் திருத்துவது தீர்வன்று. செர்ரி என்று எழுதியவர் குறைந்தது ஒரு மரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பலரும் அதையும் செய்வதில்லை. அவரிடம் சொல்லவேண்டியது பெயரை மட்டும் அன்று. "கீழே விழுந்த பூவை எடுத்துப் பார்த்தீர்களா? இலை வந்ததும் ஒருமுறை வந்து சிற்றிலைகளை எண்ணுங்கள். தோட்டக்காரர் இதை என்னவென்று சொல்கிறார் என்று கேளுங்கள்." இந்த மூன்றும் போதும். பெயர் தானாகவே வரும். வந்த பிறகு மறக்காது.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் கூடுதல் கடமை உண்டு. வளாகத்து மரங்களில் அறிவியற்பெயர் எழுதிய தகடு அடித்துவிட்டால் போதாது. அந்தத் தகட்டில் கன்னடப் பெயரும் தமிழ்ப் பெயரும் உருதுப் பெயரும், அம்மரத்தின் சொந்த நிலத்துப் பெயரும், அவற்றின் பொருளும் இடம்பெறலாம். களப்பணிப் பயிற்சிக்குத் தொலைதூர மொழியைத் தேடிச் செல்லும் மொழியியல் மாணவர், முதல் பருவத்தில் தம் விடுதி வாயிலில் நிற்கும் ஒரு மரத்துக்கு வழங்கும் பெயர்களை, அதைப் பராமரிப்பவர்களிடமிருந்து கேட்டுத் தொகுக்கலாம். தாவரவியல் மாணவர் உடன் நின்று இலையை விரித்துக் காட்டலாம். செலவில்லாத பாடம் இது. இரு துறைகளும் ஒரே மரத்தடியில் நிற்கவேண்டும் என்பதே இதற்கான ஒரே நிபந்தனை.

பெங்களூருத் தெருவில் அடுத்த பூக்காலம் வரும்போதும் யாரோ ஒருவர் செர்ரி என்றுதான் எழுதுவார். எழுதட்டும். மே மாதத்தில், பூவெல்லாம் போய், படமெடுக்க ஒன்றுமில்லாத ஒரு பிற்பகலில், அதே மரத்தடிக்குத் திரும்பி வந்து ஓர் இலையைக் கையில் ஏந்தி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணுபவருக்கு, மாகிலிஷ்வாத் என்று அதற்குப் பெயரிட்டவர்கள் கண்டது தெரியவரும்.